சிங்கப்பூரில் ரிலீஸ் ஆயிடுச்சாம், நம்ம ஊரில் எப்போது? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், மன்னார்குடி, நாகூர் பக்கம் எந்தத் தெருவுக்குள் போனாலும் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கிற நாலு பேரின் வீடு இருக்கும். பெரிய நடிகர் படம் வருகிற அன்று வம்பு அவர்களிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது. இங்கே பால்காரர் இன்னும் தெருவைத் தாண்டவில்லை. அங்கே மச்சான் இடைவேளையில் பாப்கார்னோடு நின்று "மாப்ள, செகண்ட் ஹாஃப் வேற லெவலாம்" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடுகிறார். அதன்பிறகு தஞ்சாவூர் மாப்பிள்ளைக்கு இருப்புக்கொள்வதில்லை. டெலிகிராமைத் திறக்கிறார், தெரியாத லிங்க்கைத் தொடுகிறார், யாரோ ஒருவருக்கு ஜிபேயில் பணம் அனுப்புகிறார், இல்லையென்றால் தியேட்டர் மேனேஜரின் சட்டையைப் பிடிக்கிறார்.

இரண்டு மூன்று மணி நேரம் பொறுக்க முடியாமல் பணம் போனவர்கள் உண்டு, போன் போனவர்கள் உண்டு, உயிரே போனவர்களும் உண்டு. அடுத்த பெரிய படத்துக்கு புக்கிங் திறப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பாதிக் கோபம் அங்கேயே அடங்கிவிடும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நியூஜெர்சி, கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும், ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே வியாழக்கிழமை மாலை 7 மணி பிரீமியர் என்றால் நமக்கு அது வெள்ளிக்கிழமை விடியற்காலை 4:30. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் 2022 செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை வந்தது. அமெரிக்காவில் 29-ஆம் தேதி மாலையே பிரீமியர். "நம்ம சோழன் கதையை நமக்கு ஒரு நாள் முன்னாடி அவன் பார்த்துட்டானே" என்று பெரிய கோயில் ஊர்க்காரர்கள் அங்கலாய்த்தார்கள். அன்று தமிழ்நாட்டில் விடியற்காலைக் காட்சிகள் இருந்தன. போஸ்டரில்தான் ஒரு நாள் வித்தியாசம். இரண்டு ஊரிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் திரை விலகியது.

இங்கே முதல் காட்சி ஏன் காலை 9 மணிக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால் கேரளாவைப் பார்த்து வயிறு எரியாது. 2023 ஜனவரி 11-ல் 'துணிவு' இரவு 1 மணிக்கும் 'வாரிசு' விடியற்காலை 4 மணிக்கும் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் ஆரம்பித்தன. அன்று சென்னை ரோகிணி தியேட்டர் வாசலில் கொண்டாட்டத்தின்போது லாரிமேல் ஏறி ஆடிய ஓர் இளைஞர் கீழே விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் 9 மணிக்கு முன்னால் காட்சி இல்லை என்ற நிலை வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 19-ல் 'லியோ' கேரளாவில் 4 மணிக்கு ஓடியபோது இங்கே 9 மணிதான். தயாரிப்பாளர் உயர் நீதிமன்றம் போயும் 4 மணிக் காட்சி கிடைக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 14-ல் 'கூலி'க்கு அண்டை மாநிலங்களில் 6 மணி, நமக்கு மறுபடியும் 9. அந்த மூன்று மணி நேரம் உங்களுக்குச் செய்த துரோகமாகத் தோன்றினால், ரோகிணி வாசலில் மகனைப் பறிகொடுத்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்காலை விசாரியுங்கள். காவிரி டெல்டாவுக்குள்ளேயே இருந்தாலும் அது புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட ஊர்; தமிழ்நாட்டு அரசின் காட்சி நேர உத்தரவு அங்கே செல்லாது. நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்களுக்கு எட்டுகிற தூரம். அங்கே முன்கூட்டிக் காட்சி உண்டா என்று அந்தந்தப் படத்துக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் உண்டு என்று நம்பி விடிகாலையில் கிளம்பிவிட வேண்டாம்.

டிடி ஏரியாவில் படம் விற்றாகிவிட்டதா என்று பாருங்கள். தமிழ்நாட்டை சினிமா வியாபாரம் ஏரியா ஏரியாவாகப் பிரித்து வைத்திருக்கிறது. திருச்சியும் தஞ்சாவூரும் சேர்ந்தது டிடி ஏரியா. தயாரிப்பாளர் உலகம் முழுக்க என்று போஸ்டர் ஒட்டினாலும் நம் பக்கத்து விநியோகஸ்தர் கணக்கு முடித்தால்தான் கும்பகோணத்திலும் பட்டுக்கோட்டையிலும் படம் வரும். தியேட்டர்காரரின் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஷோ டைமிங் வந்துவிட்டதா என்று பார்த்தால் போதும். ட்விட்டரில் யாரோ எழுதுகிற 'சோர்ஸ்' தேவையில்லை.

புக்கிங் திறந்த பிறகே லீவு போடுங்கள். போஸ்டரில் இருக்கும் தேதி ஒரு திட்டம், அவ்வளவுதான். 'விடாமுயற்சி' 2025 பொங்கலுக்கு வருகிறது என்றார்கள். வந்தது பிப்ரவரி 6. 'கங்குவா' 2024 அக்டோபர் 10-லிருந்து 'வேட்டையன்' படத்துக்கு வழிவிட்டு நவம்பர் 14-க்குப் போனது. 'துருவ நட்சத்திரம்' 2023 நவம்பர் 24 என்று சொன்ன நாளில் வரவில்லை. 2026 ஜனவரி 9 என்று அறிவித்த 'ஜனநாயகன்' சென்சார் சான்றிதழ் விவகாரத்தில் நின்றுபோக, வெளிநாட்டில் டிக்கெட் வாங்கியவர்களும் சேர்ந்தே ஏமாந்தார்கள். திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பொங்கலுக்கு ஊர் வருகிறவர்கள் பஸ் டிக்கெட்டைப் பண்டிகைக்காகப் போடுங்கள், படத்துக்காகப் போடாதீர்கள். சம்பா அறுப்பு தள்ளிப்போகும் என்று தெரிந்த ஊர் இது. படம் தள்ளிப்போவதையும் தாங்கும்.

கேடிஎம் என்றால் என்ன என்று ஒரு முறை புரிந்துகொள்ளுங்கள். புரிந்தால் காலைக் காட்சி ரத்தாகும்போது யார்மேலும் பாய மாட்டீர்கள். பெட்டி வந்த காலம் போய்விட்டது. இப்போது படம் டிஜிட்டல் கோப்பாகப் பூட்டப்பட்டு தியேட்டருக்கு முன்னதாகவே வந்து கிடக்கும். அதைத் திறக்கிற சாவிதான் கேடிஎம். இந்தத் தியேட்டர், இந்த சர்வர், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று எழுதப்பட்டு அது தனியாக வரும். ஃபைனான்சியர் கடனோ கோர்ட் தடையோ தீராவிட்டால் சாவி வராது. படம் ஆபரேட்டர் அறையிலேயே இருக்கும், ஆனால் ஓட்ட முடியாது. 2025 மார்ச் 27-ல் 'வீர தீர சூரன்' அப்படித்தான் டில்லி உயர் நீதிமன்ற வழக்கில் மாட்டி, காலைக் காட்சிகள் போய், மாலையில் வந்தது. காலையில் தியேட்டர் வாசலில் நின்று கத்தியவர்கள் தொண்டை கட்டியதுதான் மிச்சம். சாவி டில்லியில் இருந்தது.

அதிகாரபூர்வ ஆப்பில் வாங்குங்கள், குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். காட்சி ரத்தானால் பணம் கட்டிய கணக்குக்கே திரும்பும். கவுண்டரில் வாங்கிய டிக்கெட்டென்றால் கிழிக்காமல் வைத்திருங்கள். அதைக் காட்டாமல் யாரும் பணம் தர மாட்டார்கள்.

பிள்ளைகளோடு போவதென்றால் சான்றிதழைப் பாருங்கள். நாட்டுக்கு நாடு சென்சார் வேறு. 'கூலி'க்கு இந்தியாவில் ஏ சான்றிதழ் கிடைத்தது. யு/ஏ கேட்டு நீதிமன்றம் போனதும் பலிக்கவில்லை. ரஜினி படம்தானே என்று குடும்பத்தோடு கிளம்பினால், 18 வயது ஆகாத பிள்ளையை வாசலிலேயே நிறுத்துவார்கள். சிங்கப்பூரில் உங்கள் அக்கா மகன் பார்த்துவிட்டான் என்பது இங்கே வாதம் ஆகாது. 2024 கடைசியிலிருந்து யு/ஏ சான்றிதழும் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அது பெற்றோருக்கான எச்சரிக்கை. பிள்ளையின் மனசு உங்களுக்குத்தான் தெரியும்.

இங்கிலீஷ் படமென்றால் எந்தத் திரையில், எந்த மொழியில் என்று கேளுங்கள். 'ஜுராசிக் பார்க்' அமெரிக்காவில் 1993 ஜூனில் வந்தது, இந்தியாவுக்கு வர 1994 ஆனது. 'டைட்டானிக்' அங்கே 1997 டிசம்பர், இங்கே 1998 மார்ச். அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் யாரும் உரிமை பறிபோனதாக நினைக்கவில்லை. டூரிங் டாக்கீஸுக்குத் தமிழ்ப் படம் வரவே மாதங்கள் ஆன காலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். இன்று நிலைமை தலைகீழ். 'மிஷன் இம்பாசிபிள்: தி ஃபைனல் ரெக்கனிங்' 2025 மே 17-ல் நமக்கு வந்தது, அமெரிக்காவுக்கு மே 23-ல்தான். 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' 2021-ல் நமக்கு ஒரு நாள் முன்னால். அப்போது அமெரிக்க ரசிகர்களுக்காக யாராவது இங்கே வருத்தப்பட்டோமா?

தாமதம் ஆகும் இடம் வேறு. 'இன்டர்ஸ்டெல்லர்' பத்தாம் ஆண்டு மறுவெளியீடு அமெரிக்காவில் 2024 டிசம்பரில் ஓடியது. இங்கே ஐமேக்ஸ் திரைகளை 'புஷ்பா 2' எடுத்துக்கொண்டதால் 2025 பிப்ரவரி 7 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐமேக்ஸுக்கு நாம் சென்னைக்கோ கோவைக்கோ போக வேண்டும், ஆகவே திரை கிடைத்ததை உறுதி செய்யாமல் ரயில் ஏறாதீர்கள். ஜப்பான் அனிமேவுக்கு டப்பிங் வேலையும் உண்டு: 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' அங்கே 2025 ஜூலை 18, இங்கே செப்டம்பர் 12. அந்த எட்டு வாரம் காத்திருந்ததற்குத் தமிழிலேயே கேட்க முடிந்தது.

மச்சானிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். "படம் பார், நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லு, கதை சொல்லாதே" என்று ஒரு வரி போதும். கேட்கமாட்டார் என்று தெரிந்தால் குடும்ப குரூப்பை எட்டு மணி நேரம் மியூட் செய்யுங்கள். பெரியப்பா கோபித்துக்கொண்டால் மறுநாள் சமாதானம் செய்துகொள்ளலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் காத்திருப்பு உண்டு என்பதை நினைவில் வையுங்கள். 'லியோ' நெட்ஃபிளிக்ஸில் இந்தியாவுக்கு 2023 நவம்பர் 24, மற்ற நாடுகளுக்கு 28. 2022-ல் 'பீஸ்ட்' படத்தைக் குவைத் தடை செய்துவிட்டது. அங்கே வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் ஊரிலிருந்து வந்த விசில் சத்தத்தை வீடியோவில் கேட்டதோடு சரி. உலக ரிலீஸில் எல்லாருக்கும் ஒரு முறை முதல் வரிசையும் ஒரு முறை கடைசி வரிசையும் கிடைக்கிறது.

1930 எண்ணைப் போனில் இப்போதே சேமியுங்கள். சைபர் மோசடியில் பணம் போனால் கூப்பிட வேண்டிய எண் அது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு அதிகம்.

நாலாம் நாள் போங்கள். இதைச் சொன்னால் இளவட்டங்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டிக்கெட் கவுண்டரிலேயே கிடைக்கும், வசனம் காதில் விழும், உட்காருகிற இடத்தில் யாரும் ஏறி நின்று ஆட மாட்டார்கள்.

செய்யக்கூடாதவை

"ஃபுல் மூவி ஹெச்டி" என்று வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். ரிலீஸ் நாள் விடியற்காலையில் வருகிற லிங்க்குகளில் பலவற்றில் படமே இருக்காது. ஏபிகே ஃபைல் ஒன்றை இன்ஸ்டால் செய்யச் சொல்லும், எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், நீங்களும் அவசரத்தில் கொடுப்பீர்கள். அப்புறம் வங்கி ஓடிபி உங்களுக்கு வருவதற்கு முன் மோசடிக்காரனுக்குப் போகும். குறுவை விற்ற பணம் தீபாவளிக்குக் கணக்கில் வந்து கிடக்கிற சமயத்தில்தான் தீபாவளிப் படங்களும் வருகின்றன என்பதை மறக்காதீர்கள். அப்பாவின் கணக்கு இணைந்திருக்கிற போனில் மகன் படம் தேடினால் நஷ்டம் அப்பாவுக்கு.

தியேட்டருக்குள் போனை உயர்த்தாதீர்கள். ஹீரோ என்ட்ரியை ஸ்டேட்டஸ் வைப்பது விளையாட்டு என்று நினைக்கிறீர்கள். 2023-ல் திருத்திய சினிமாட்டோகிராஃப் சட்டம் படத்தின் ஒரு பகுதியைத் திருட்டுப் பிரதியாக எடுப்பதையும் குற்றம் என்கிறது. குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 3 லட்சம் ரூபாயில் தொடங்கி, தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். 2024 ஜூலையில் 'ராயன்' படத்தைத் திருவனந்தபுரம் தியேட்டரில் உட்கார்ந்து போனில் பதிவு செய்துகொண்டிருந்த தமிழ்நாட்டு இளைஞர் ஒருவரை சீட்டிலிருந்தே பிடித்துப் போனார்கள். பத்து விநாடி ஸ்டேட்டஸுக்கு அந்த அளவு வராது என்று வாதாடலாம்தான். அந்த வாதத்தைக் காவல் நிலையத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கும்.

தேதி தள்ளிப்போனதும் படக்குழுவைத் திட்டாதீர்கள். பல சமயம் அடிபட்டவர்களே அவர்கள்தான். 'விஸ்வரூபம்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்சார் சான்றிதழ் கையில் இருந்தது. 2013 ஜனவரி 25 என்று தேதி குறித்தாகிவிட்டது. முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவிக்க, தமிழ்நாடு அரசு இரண்டு வாரம் தடை போட்டது. மாவட்ட ஆட்சியர்கள் 144 உத்தரவு போட்டார்கள். அமெரிக்காவில் ஓடியது, கேரளாவில் ஓடியது, கமல்ஹாசன் பிறந்த மாநிலத்தில் ஓடவில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் வாளையாரைத் தாண்டி பாலக்காட்டில் பார்த்துவிட்டு வந்தார்கள். தஞ்சாவூர்க்காரருக்கு அந்த வசதியும் கிடையாது. டெல்டாவிலிருந்து கேரள எல்லை கிட்டத்தில் இல்லை. பேச்சுவார்த்தை நடந்து, சில இடங்களை மாற்ற ஒப்புக்கொண்ட பிறகு பிப்ரவரி 7-ல் இங்கே வந்தது. வீட்டையே பணயம் வைத்து எடுத்த படம் என்று கமல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த நாட்களில் திருட்டு டிவிடியில் பார்த்தவர்கள் யாரைத் தண்டித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? தடை போட்டவர்களுக்கு அதனால் ஒரு ரூபாய் நஷ்டமில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 9-ல் 'தலைவா'வும் இப்படித்தான். உலகம் முழுக்க வந்தது. மிரட்டல் வந்ததாகச் சொல்லி தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் பின்வாங்கின. 20-ஆம் தேதிதான் இங்கே திரை ஏறியது. இரண்டு முறையும் கோபத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் கோபம் போய்ச் சேர்ந்த இடம் தயாரிப்பாளரின் பை.

தியேட்டர்காரரை அடிக்காதீர்கள், சீட்டைக் கிழிக்காதீர்கள். 2023 அக்டோபரில் 'லியோ' ட்ரெய்லர் போட்டதற்கே ரோகிணி தியேட்டரின் இருக்கைகளை நாசம் செய்துவிட்டுப் போனார்கள். படம் கூட இல்லை, ட்ரெய்லர். ஒரு திரை, இரண்டு திரை வைத்து ஓட்டுகிற நம் பக்கத்துத் தியேட்டர்களில் பல ஏற்கெனவே கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் மாறிவிட்டன. மிச்சமிருப்பதையும் உடைத்தால் அடுத்த படத்துக்குத் திருச்சிதான் போக வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று சொல்லி, மழையில் மூட்டையோடு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நாள்கணக்கில் காக்க வைக்கிறார்கள். அங்கே வாய் திறக்காதவர் ஒன்பது மணிக் காட்சி ஒன்பதேகாலுக்குத் தொடங்கியதற்குக் கண்ணாடிக் கதவை உதைக்கிறார். அந்தக் கோபத்தைக் கொஞ்சம் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

'ரசிகர் ஷோ' டிக்கெட்டுக்கு முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். இன்ஸ்டாகிராமில் நடிகர் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு "ப்ரோ, 10 டிக்கெட் மட்டும் இருக்கு" என்பான். பணம் போனதும் பிளாக் செய்வான். நிஜமான டிக்கெட்டாகவே இருந்தாலும், அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது பிளாக்தான். தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது; முதல் நாள் என்பதால் அது மாறிவிடாது.

கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடாதீர்கள். காட்சி ரத்தானதும் ரீஃபண்ட் கேட்டுத் தேடுவீர்கள் என்று தெரிந்தே போலி நம்பர்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். போனை எடுப்பவர் "எனிடெஸ்க்" ஆப் இன்ஸ்டால் செய்யச் சொன்னால், அல்லது பணம் வாங்க யுபிஐ பின் போடச் சொன்னால், அந்த விநாடியே வையுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையில்லை. ஆப்புக்குள்ளேயே இருக்கும் 'ஹெல்ப்' மட்டும் போதும்.

இலவச விபிஎன் போட்டு வெளிநாட்டு ஓடிடிக்குள் நுழையாதீர்கள். நாலு நாள் முன்னால் பார்க்க ஆசைப்பட்டு, உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதையும் யாரென்றே தெரியாத கம்பெனியின் கையில் கொடுக்கிறீர்கள். அதே போனில் நெட் பேங்கிங்கும் இருக்கிறது.

கேமரா பிரிண்டில் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதாதீர்கள். யாரோ ஒருவரின் தலை குறுக்கே போகிற, பாதி இருட்டான திரையைப் பார்த்து "ஒளிப்பதிவு சுமார்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுதிய பெருமை இரண்டு மணி நேரம் நிற்கும். வெட்கம் அதைவிட நாளாகும்.

கதையை உடைக்காதீர்கள். நீங்கள் ஒன்பது மணிக் காட்சி பார்த்தவர். வேளாங்கண்ணியில் டிபன் கடை நடத்துகிறவர் ஞாயிற்றுக்கிழமை இரவுக் காட்சிக்குத்தான் போக முடியும். மச்சான் உங்களுக்குச் செய்ததை நீங்கள் அவருக்குச் செய்ய வேண்டாம்.

தூக்கமில்லாமல் வண்டி ஓட்டாதீர்கள். பாலக்காட்டில் 6 மணிக் காட்சி பார்க்க இரவெல்லாம் ஓட்டி, பார்த்துவிட்டு உடனே திரும்புகிற திட்டத்தை ரீல்ஸில் பார்த்தால் நன்றாக இருக்கும். திரும்பி வருகிற வழியில், கரூர் தாண்டி கண் சொக்குகிற இடத்தில் ரீல்ஸ் எடுப்பவர் யாருமில்லை.

கட்-அவுட் மேல் ஏறாதீர்கள். பால் ஊற்ற ஒருவர் மேலே ஏறினால் கீழே பத்து பேர் உசுப்புவார்கள். விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு வருவது அந்தப் பத்தில் இரண்டு பேர். மின்கம்பி பக்கத்தில் பேனர் கட்டாதீர்கள். லாரி, பஸ் எதன் மேலும் ஏறி ஆடாதீர்கள்.

குழந்தையை முதல் நாள் கூட்டத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். 2024 டிசம்பர் 4 இரவு ஹைதராபாத் சந்தியா தியேட்டரில் 'புஷ்பா 2' பிரீமியர். ரிலீஸுக்கு ஒரு நாள் முன்னாடியே பார்த்துவிட வேண்டும் என்று வந்த கூட்டம், நடிகரும் வருகிறார் என்றதும் நெருக்கியடித்தது. நெரிசலில் ஒரு தாய் இறந்தார். கூட வந்த சிறுவன் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தான். அந்தக் குடும்பம் டிக்கெட் எடுத்து, சட்டப்படி, எல்லாரையும்போல வரிசையில் வந்த குடும்பம்தான். உங்கள் பிள்ளை எவ்வளவு அழுது அடம் பிடித்தாலும் முதல் காட்சிக்குத் தோளில் தூக்கிப் போகாதீர்கள். திங்கட்கிழமை மாலைக் காட்சிக்கு இன்றே நாலு டிக்கெட் போட்டு, அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.